பழைய கிட்டார் ஆம்ப்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நீல் யங், பிரையன் மே போன்ற ராக் கிட்டார் கலைஞர்கள் இத்தனை வருடங்களாகப் பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை எங்கே பிடித்தார்கள்? அரும்பொருள் என்று தேடி வாங்கியவையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீல் யங்கின் ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப் 1959ல் செய்தது. 1967ல் ஹாலிவுட்டில் ஒரு இசைக்கருவிக் கடையில் சுமார் 50 டாலருக்கு வாங்கினார். அன்றைக்கு அது எட்டு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் பெட்டி. பின்னாளில் மேடையில் நின்றபடி வால்யூமையும் டோனையும் மாற்ற ஆசைப்பட்டபோதுகூட, ஆம்ப்பின் சர்க்யூட்டில் கை வைக்கவில்லை. காலால் மிதித்தால், மேலே பொருத்திய மோட்டார் அந்தக் குமிழ்களையே பிடித்துத் திருப்பும்படி ஓர் அமைப்பைச் செய்துகொண்டார். உள்ளே ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்கவேண்டிய விஷயம் இது.

கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மார்ஷல் ஆம்ப் கிடைத்தது 1966ல், லண்டனில். அவருடைய டிரம்மர் மிட்ச் மிட்செலுக்கு, அந்த ஆம்ப்பைச் செய்த ஜிம் மார்ஷலை முன்பே தெரியும், அந்தப் பழக்கத்தில் போய் வாங்கினார். அப்போது அது புத்தம் புதிய சரக்கு. பிரையன் மேயிடம் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்கு அடுத்தபடியாகப் பேர்போனது, கையடக்கமான 'டீக்கி' ஆம்ப். லண்டனில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, அவருடைய குயின் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன் செய்தது. அதில் வால்வே கிடையாது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும்தான்.

கேள்வி: மார்ஷலின் முதல் ஆம்ப் ஃபெண்டரின் நகல் என்கிறார்கள். பிறகு ஏன் சத்தம் வேறாக இருக்கிறது?

பதில்: ஜேடிஎம்45 என்ற அந்த ஆம்ப், ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் மூன்று இடங்களில் வழி பிரிந்துவிட்டது. முதல் வால்வாக 12ஏஒய்7க்குப் பதில் 12ஏஎக்ஸ்7 போட்டார்கள். அதன் பெருக்கம் 100, மற்றதற்கு 44தான். அதனால் சீக்கிரமே கரகரப்புக்குள் போகிறது. இரண்டாவது, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வில் 5881ன் இடத்துக்குக் கொஞ்ச நாளில் கேடி66 வந்தது. மூன்றாவதுதான் பெரிய காரணம்: ஃபெண்டரில் முதுகு திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர், மார்ஷலில் முதுகு மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாற்றினால் ஆம்ப்பையே பாதி மாற்றியது போலத்தான்.

கேள்வி: விற்பவர் '1959 டீலக்ஸ், எல்லாம் ஒரிஜினல்' என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உதிரி பாகங்களில் அச்சடித்த எண்களைப் படியுங்கள். முதல் மூன்று எண் செய்த கம்பெனி, அடுத்து வருடம், கடைசி இரண்டு வாரம். ஸ்பீக்கர் விளிம்பில் 220914 என்றிருந்தால், 220 ஜென்சன், 9 என்பது வருடத்தின் கடைசி இலக்கம், 14ஆவது வாரம். ஐம்பதுகளில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான் போட்டார்கள், ஆகவே அது 1949ஆகவும் இருக்கலாம். மற்ற பாகங்களோடு சேர்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமாக்கர். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ்.

அந்தக் கால ஃபெண்டரில் பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து 1951. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஒன்பதாவது எழுத்தான 'ஐ' 1959. இரண்டாவது எழுத்து மாதம். 'ஐ, எஃப்' என்றால் 1959 ஜூன். தாளை எளிதாக மாற்றி ஒட்டிவிடலாம் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது.

பாகங்களின் தேதி ஆம்ப்பின் தேதிக்குச் சில வாரமோ மாதமோ முந்தியிருப்பது இயல்பு. பிந்தியிருந்தால் அது பின்னால் போட்ட பாகம். பவர், அவுட்புட் என்ற இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் பிறந்தபடியே இருந்தால் மற்றதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வால்வும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரும் தேய்ந்து போகவே செய்த பொருட்கள். '60 வருடமாக எதையும் மாற்றவில்லை' என்று யாராவது சொன்னால் அது பெருமையே அல்ல, செலவு இனிமேல்தான் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: இருபது வருடம் பரணில் கிடந்த டீலக்ஸ், 5இ3 மாடல், வந்து சேர்ந்திருக்கிறது. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து கூடாது. காய்ந்துபோன ஒரு கண்டன்சர் ஷார்ட் ஆனால், கிடைக்காத பவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கூடவே எரித்துக்கொண்டு போகும். பிளக்கைச் சொருகாமலேயே செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் மெயின் கம்பி. இரண்டு ஊசி பிளக் இருந்தால் அதைக் கழற்றி, எர்த்தோடு மூன்று கோர் கம்பி போடுங்கள். ஃபேஸ் (லைவ்) கம்பி ஃபியூஸுக்கும் பிறகு சுவிட்சுக்கும் போகட்டும். எர்த்தை சேசிஸில், அதாவது ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில், தனி போல்ட்டில் நட்டு வைத்து முறுக்குங்கள். மெயின் கம்பியிலிருந்து சேசிஸுக்கு 0.05 மைக்ரோஃபாராட் அளவில் ஒரு சின்ன கண்டன்சர் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே மெயின் கரண்ட் வரும். ஒரிஜினல் போய்விடுமே என்று இதில் தயங்கவே கூடாது.

அடுத்து கண்டன்சர்கள். 5இ3ல் பவர் சப்ளைக்கு 16 மைக்ரோஃபாராட், 450 வோல்ட்டுக்கு மேற்பட்டது மூன்று இருக்கும். மூன்றையும் மாற்றுங்கள். 16க்குப் பதில் 22 போடலாம். 'ஹம் (பின்னணி ரீங்காரம்) குறையும்' என்று 47 போடாதீர்கள். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு 5ஒய்3, முதல் கண்டன்சரைச் சார்ஜ் செய்ய இழுக்கும் கரண்டைத் தாங்காமல் சீக்கிரம் செத்துவிடும். வால்வுகளின் கேத்தோட் முனைகளில் 25 மைக்ரோஃபாராட், 25 வோல்ட் கண்டன்சர் மூன்று இருக்கும். அவற்றில் பவர் வால்வுகளுக்கான கண்டன்சர் மீது 19, 20 வோல்ட் எப்போதும் நிற்கிறது. அந்த இடத்தில் 50 வோல்ட் ரகமாகப் போடுங்கள். வேலை தொடங்கும் முன், உள்ளே மிச்சம் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இருந்தால் 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் பத்து விநாடி பிடித்து இறக்கிவிட்டு, மறுபடி அளந்த பிறகே உள்ளே கை வையுங்கள். பிளக் கழற்றியிருந்தாலும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

இனி சீரிஸ் பல்ப், ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்திக் காட்டிக்கொடுப்பது. மெயினுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்பு. எல்இடி உதவாது. ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சே போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எல்லா வால்வையும் உருவிவிட்டு முதலில் போடுங்கள். பல்பு எரியவே கூடாது, அல்லது மங்கலாக மினுங்கலாம். பளிச்சென்று எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலேயே கோளாறு. அடுத்து ரெக்டிஃபையரைத் தவிர மற்ற வால்வுகளைச் சொருகுங்கள். ஃபிலமென்ட் குளிர்ச்சியாக இருப்பதால் பல்பு ஒரு கணம் பிரகாசித்து அடங்கும். கடைசியாக ரெக்டிஃபையர். மீண்டும் பிரகாசித்து, ஓரளவு மங்கிவிட்டால் பெரிய ஷார்ட் எதுவும் இல்லை. மங்காமலே நின்றால் உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை வைத்து மெதுவாக ஏற்றினால் பழைய கண்டன்சர் உயிர் பெறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்ப்பில் அது நினைத்தபடி நடக்காது. ஃபிலமென்ட் போதிய சூடு ஆகும்வரை அந்த வால்வு கரண்டையே விடாது. அதுவரை கண்டன்சருக்கு எதுவும் போய்ச் சேராது.

கேள்வி: அமெரிக்க ஆம்ப், பின்பலகையில் 117 வோல்ட் என்றிருக்கிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் ஓட்டலாமா?

பதில்: ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். டீலக்ஸ் அளவு ஆம்ப்புக்கு 200 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போதும், 50 வாட்டுக்கு மேற்பட்டவைக்கு 500 விஏ. ஒற்றைச் சுற்று ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைவிட இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகை பாதுகாப்பு. எர்த் கம்பி அறுபடாமல் சுவர் வரை போகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

ஸ்டெப்டவுன் வோல்ட்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்ட்டில் 50ல் ஓட்டினால், இரும்புக் கோரில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும், சூடும் கூடும். 110 வோல்ட் கொடுத்தால் அந்த அதிகப்படி ஏறக்குறைய 13 சதவீதமாக இறங்கும். ஒரு மணி நேரம் வாசித்தபின் அணைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் கை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அப்படியே தொடரக்கூடாது.

கேள்வி: டீலக்ஸில் புது 6வி6 பவர் வால்வு ஜோடி போட்டும் ஒரு வால்வின் பிளேட் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவக்கிறது. வால்வு கோளாறா?

பதில்: முதலில் அணையுங்கள். பிறகு இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டுச் சில விநாடி பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் வால்வு கோளாறு. அதே சாக்கெட்டிலேயே சிவந்தால், அதற்கு முன்னால் இருக்கும் 0.1 மைக்ரோஃபாராட் கப்ளிங் கண்டன்சர்தான் முதல் சந்தேகம். அது லேசாகக் கசிந்தாலும் முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து பாசிட்டிவ் வோல்ட்டேஜ், கரண்டைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட்டுக்கு வந்து, பவர் வால்வைக் கட்டுப்பாடில்லாமல் ஓட வைக்கும். பவர் வால்வை உருவிவிட்டு, சுவிட்சைப் போட்டு, சாக்கெட்டில் கிரிட்டுக்கான 5ஆம் ஊசிக்கும் சேசிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 5இ3 போன்ற கேத்தோட் பயாஸ் ஆம்ப்பில் (வால்வின் ஓட்டத்தைக் கேத்தோட் ரெசிஸ்டரே நிர்ணயிக்கும் வகை) அங்கே பூஜ்யம்தான் இருக்கவேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் மாற்றுங்கள்.

சரியானபின் கேத்தோட் ரெசிஸ்டரில் கணக்குப் பாருங்கள். 250 ஓமில் 19 வோல்ட் நின்றால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 76 மில்லிஆம்ப், ஒன்றுக்கு 38. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 320 வோல்ட் இருந்தால் சுமார் 12 வாட். 6வி6க்கு அதுவே எல்லை. இந்த ஆம்ப்பின் இயல்பே எல்லையில் ஓடுவதுதான்.

தனி நெகட்டிவ் சப்ளை கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பில் அதே ஊசியில் நெகட்டிவ் வோல்ட்டேஜ் இருக்கவேண்டும். இல்லையென்றால் பயாஸ் கண்டன்சரைப் பாருங்கள். அதை மாற்றும்போது பாசிட்டிவ் முனைதான் சேசிஸ் பக்கம் வரும். பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டு வால்வுகளை எரிப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: பழைய ஜென்சன் ஸ்பீக்கர் கூம்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். புதுக் கூம்பு போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6லிருந்து 7 ஓம் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நன்றாக இருக்கிறது. கூம்பின் நடுவில் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்கவில்லையென்றால் கிழிசலை மட்டும் ஒட்டினால் போதும். மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, கிழிசலின் இருபுறமும் அரை அங்குலம் தாண்டும்படி பின்பக்கமாக ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். கெட்டியாகப் பூசினால் கூம்பு கனத்துச் சத்தம் மந்தமாகும்.

உரசல் கேட்டால் அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், வாசிக்க வேறொன்று மாட்டிக்கொள்ளுங்கள். எடுத்த கண்டன்சர், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எது எங்கிருந்தது என்று சீட்டு எழுதி, பெட்டியின் அடியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்து இந்த ஆம்ப்பைத் திறப்பவர் முதலில் தேடுவது அந்தப் பையைத்தான்.