ஒளிரும் பாக்டீரியாவுக்குக் கிட் எதற்கு, குளச்சல் கணவாய் இருக்க?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியறையில் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்காகச் சிறிய உயிரியல் ஆய்வகம் தொடங்கப்போகிறோம். ஜெல்லிமீன் மரபணுவை ஏற்றிப் பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிரவைக்கும் கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் செய்கிறார்களாமே. அனுமதி தேவையென்றால், அனுமதி இல்லாமல் எதில் தொடங்கலாம்?

பதில்: கிட்டை வரவழைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் வருவது ஈ.கோலை பாக்டீரியாவின் கே-12 என்ற ஆய்வக வகை, நோய் உண்டாக்காதது. பயமுறுத்த அதில் ஒன்றுமில்லை. ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகள், மரபணு மாற்றிய உயிரி எதையும் அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ பயன்படுத்தவோ கூடாது என்கின்றன. சிறிய அளவுதான், பொழுதுபோக்குதான் என்பதற்கெல்லாம் அதில் விலக்கு கிடையாது. இந்தக் கிட்டுகளில் ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் சேர்ந்தே வருவது வழக்கம். அதை வாஷ்பேசினில் கொட்டிவிட்டுப் போகிற இடத்தில் இந்த வேலை நடக்கக் கூடாது என்பதில் நியாயமும் இருக்கிறது.

அமெரிக்காவிலும் கதை அப்படியே இல்லை. நியூயார்க்கில் 2010இல் திறந்த ஜென்ஸ்பேஸ் போன்ற சமூக ஆய்வகங்கள் ஆபத்தில்லாத உயிரிகளோடு, உயிர்ப் பாதுகாப்பு நிலை 1க்குள் (ஆபத்து மிகக் குறைந்த வேலைக்கான நிலை) நின்றே வேலை செய்கின்றன. ஜெர்மனியிலோ உரிமம் இல்லாத இடத்தில் மரபணு மாற்றம் செய்தால் 3 ஆண்டு வரை சிறை. நம் ஊரில், டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது, பிசிஆர் கருவியில் அதைப் பல நகல்களாகப் பெருக்குவது, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது எதற்கும் இந்த விதிகள் குறுக்கே வராது. அந்த டிஎன்ஏவை உயிருள்ள செல்லுக்குள் ஏற்றத் தொடங்கினால் வந்துவிடும்.

உங்களுக்கு ஒளிதான் வேண்டுமென்றால் கணவாய் வாங்குங்கள். கிட் பாக்டீரியா தானாக ஒளிராது. நீல விளக்கோ புற ஊதா விளக்கோ அடித்தால்தான் பச்சை தெரியும். கணவாயின் தோலில் இயற்கையாகவே இருக்கும் கடல் பாக்டீரியா இருட்டில் தானே நீலப்பச்சையாக ஒளிரும்.

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கரைக்கு வந்த கையோடு, நல்ல தண்ணீர் படாத கணவாயாகக் கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் இந்தப் பாக்டீரியா வெடித்துச் செத்துவிடும்; முயற்சி தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்புப் போட்டு (கடல் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும்), ஒரு தட்டில் கணவாய் பாதி முங்கும் அளவு ஊற்றி, மூடி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பையோடு வையுங்கள். 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நம் ஊர் அறை வெப்பத்தில் விட்டால் அழுகவைக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஒளிக்குப் பதில் நாற்றம் வரும், கீழே பேப்பர் படிப்பவர்கள் மாடியேறி வருவார்கள். 12 மணி நேரம் கழித்துப் பார்க்கத் தொடங்கி, 36 மணிக்குள் தெரியாவிட்டால் கைவிட்டுவிடலாம். ஜன்னலை அடைத்து, போனை அணைத்து, பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்த பிறகே பாருங்கள். அவசரப்பட்டு ‘ஒன்றுமில்லை’ என்று தூக்கி எறிபவர்கள்தான் அதிகம்.

சுட்டு ஆறவைத்த கம்பியால் ஒளிரும் புள்ளியைத் தொட்டு, அகர் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) இழுங்கள். தட்டுக்கு: கடல் தண்ணீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த தண்ணீர் 250 மி.லி., பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், கிளிசரின் 3 மி.லி., அகர் 15 கிராம். பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றாமல், மூடியைத் தளர்த்தி, பிரஷர் குக்கரில் விசில் வந்தபின் தீயைக் குறைத்து அரை மணி நேரம். மின்விசிறியை நிறுத்தி, ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தே தட்டில் ஊற்றுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பகலில் எல்லாப் புள்ளியும் ஒரே வெளிறிய நிறம். ஆகவே இருட்டில் தட்டின் அடியில் மார்க்கரால் வட்டம் போட்டு, அதிகம் ஒளிர்வதை மட்டுமே அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் சில தலைமுறையில் ஒளி மங்கிவிடும். திரவத்தில் வளர்த்தால் ஆக்சிஜன் குறைந்து இருண்டுபோகும். பாட்டிலைக் குலுக்கினால் சட்டென்று திரும்ப ஒளிரும். மாணவர்கள் மறக்காத காட்சி அது.

இயற்கையானது என்பதால் கவனம் வேண்டாம் என்றில்லை. கூடவே நோய் உண்டாக்கக்கூடிய விப்ரியோ பாக்டீரியா இனங்களும் வளரலாம். கையில் புண் இருப்பவர்கள் தொட வேண்டாம், கையுறை கட்டாயம், வளர்ந்த தட்டை டேப் ஒட்டி மூடியே வையுங்கள். முடிந்ததும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்த பிறகே கொட்ட வேண்டும். அந்தக் குக்கர் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.

அடுத்த கட்டமான டிஎன்ஏ சோதனைக்கு நம் மட்டி வாழைப்பழத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. வாழை வகைகளில் ஏ, பி என்ற இரண்டு காட்டு மூதாதைகளின் மரபணுத் தொகுதிகள் வெவ்வேறு எண்ணிக்கையில் கலந்திருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி ஏஏ வகை, செவ்வாழை ஏஏஏ, ஏத்தன் (நேந்திரன்) ஏஏபி. டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பிசிஆரில் பெருக்கி ஆர்எஸ்ஏ-1 நொதியால் வெட்டினால், ஏ மரபணுத் தொகுதி 530 எழுத்து (பேஸ் ஜோடி) நீளத்தில் ஒரு பட்டையும், பி தொகுதி 350, 180 என இரண்டு பட்டையும் தரும். 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் பிரிந்து தெரியும். ஏத்தனில் மூன்று பட்டை, மட்டியில் ஒன்று. மட்டியையும் செவ்வாழையையும் இது பிரித்துக் காட்டாது. அதையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பழத்தை விட்டுவிட்டு விரியாத குருத்திலையை எடுங்கள்; முற்றிய இலையில் பாலிபீனால் கூடுதலாக இருந்து டிஎன்ஏ பழுப்பாகி, பிசிஆர் ஓடாது. நொதிகளை ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அது பனியைக் கரைக்க அவ்வப்போது தானே சூடாகும். ஜெல்லில் டிஎன்ஏவைத் தெரியவைக்க எத்திடியம் புரோமைடு வேண்டாம். சைபர் சேஃப் சாயமும் நீல எல்இடி விளக்கும் போதும். வெளிநாட்டுக்கு மட்டும் மாதிரி அனுப்பாதீர்கள், பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்து நிற்கும்.

மரபணு மாற்றமே செய்து பார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு பதிவாகியுள்ள கல்லூரியோடு சேருங்கள். நிறுவனத் தலைவர், டிஎன்ஏ வேலை தெரிந்த மூன்று விஞ்ஞானிகளாவது, ஒரு மருத்துவர், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஆகியோர் கொண்டது அந்தக் குழு. கே-12 போன்ற எளிய சோதனைக்கும் அதற்குத் தகவல் போக வேண்டும். வேலை அவர்கள் ஆய்வகத்தில், அவர்கள் பேராசிரியர் பொறுப்பில் நடக்க வேண்டும். போய்க் கேட்கும்போது குழு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது கூடியது என்றும் கேட்டுவிடுங்கள்.