பயனீட்டாளர் கேள்வி-பதில்: லோரிக் கதவில் யார் பெயர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சரக்கு லோரி பற்றியவை. தீபாவளிச் சரக்கு நகரத் தொடங்கிவிட்டது போலும். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாசுக்கு மூன்று டன் லோரி வேண்டும். ஒருவர் 1,300 வெள்ளி கேட்கிறார், இன்னொருவர் 600. குறைந்த விலைக்காரரை நம்பலாமா?
– மரச்சாமான் வியாபாரி, செந்தூல்

பதில்: 600 எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அவரையே கேளுங்கள். பினாங்கிலிருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்புகிறவர் என்றால் விலை நியாயம்தான். டீசலும் டோலும் எப்படியும் அவர் கொடுத்தாக வேண்டியவை. ஆனால் அவர் கிளம்பும் நேரத்துக்குத்தான் உங்கள் மேசை நாற்காலி கிளம்பும்; அவசரம் என்று நெருக்க முடியாது. காரணம் சொல்லாமல் மென்று முழுங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

கேள்வி: முழுப் பணத்தையும் முன்கூட்டியே டிரைவரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்கள்.
– கிள்ளான்

பதில்: போடாதீர்கள்.

கேள்வி: பெரிய கம்பெனியிடம்தான் பேசினேன். ஏற்ற வந்த லோரியின் கதவில் வேறு பெயர். டிரைவருக்கு நான் பேசிய கம்பெனியைத் தெரியவே இல்லை. இது சகஜமா?
– உதிரிபாக வியாபாரி, பிறை

பதில்: சகஜம்தான். எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான். நீங்கள் பேசியவர் ஆர்டரை இன்னொருவரிடம் தள்ளுவார், அவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கமிஷன் நின்றுவிடும். கடைசியில் ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு டயர் மாற்றக்கூடக் காசு மிஞ்சாது. இதற்கும் கீழே ஓர் அடுக்கு உண்டு: பெர்மிட் ஒருவர் பெயரில், லோரி இன்னொருவருடையது, நடுவில் மாத வாடகை. 2025 மே மாதம் தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதி எஃப்.ஆர்.யூ. எனும் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பெர்மிட் வாடகையைப் பற்றி மேலிடத்தில் உரக்கப் பேசினார்கள். லோரித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது என்றைக்கும் ரகசியமாக இருந்ததில்லை.

வேலையை இன்னொருவருக்குக் கொடுப்பது தப்பில்லை, உங்களிடம் மறைப்பதுதான் தப்பு. அதனால் முதல் நாளே லோரி எண்ணையும் டிரைவர் பெயரையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்காமல் வேறு லோரி அனுப்பக்கூடாது என்று ஆர்டரிலேயே ஒரு வரி எழுதுங்கள். உரிமத்தின் நகலும் கேளுங்கள். கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்ற ‘ஏ’ உரிமம் வேண்டும். ‘சி’ உரிமம் சொந்தச் சரக்குக்கு மட்டும்தான். ஹார்ட்வேர் கடையின் லோரி ஞாயிற்றுக்கிழமை உங்கள் சரக்கை ஏற்றிப் போய் எங்காவது கவிழ்ந்தால், கையை விரிக்கக் காப்புறுதிக் கம்பெனிக்கு நல்ல சாக்கு. சரக்கு லோரிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. கடைசிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டிரைவருக்கு ஜி.டி.எல்., அதாவது சரக்கு வாகனம் ஓட்டும் உரிமம், இருக்க வேண்டும்.

அப்புறம், லோரியின் பக்கவாட்டில் இரண்டு எடை எழுதியிருக்கும். சிறியது வெறும் லோரியின் எடை, பெரியது சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். ‘மூன்று டன் லோரி, பாஸ்!’ என்ற வாய்ப்பேச்சு எடைப்பாலத்தில் செல்லாது.

கேள்வி: ‘எங்கள் லோரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறார்கள். போதும்தானே?
– செராஸ்

பதில்: லோரிக்குப் போதும். சரக்குக்குத் தனிப் பாலிசி வேண்டும். யார் எடுத்தது, எத்தனை வெள்ளி வரை என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மஸ்ஜித் இந்தியாவிலிருந்து பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள என் கடைக்கு எட்டுப் பெட்டிச் சேலை வந்தது. தார்ப்பாய் கிழிந்த லோரி. இரண்டு பெட்டி நனைந்து சாயம் இறங்கிவிட்டது, நஷ்டம் 3,800 வெள்ளி. டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) ‘பெட்டி ஈரம்’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அவர்களோ ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, ‘எந்தச் சேதத்துக்கும் பொறுப்பல்ல’ என்கிறார்கள்.
– ஜார்ஜ்டவுன்

பதில்: அந்த ‘பெட்டி ஈரம்’ உங்களைக் காப்பாற்றும், அம்மா. நனைந்த சேலைகளைத் துவைக்காதீர்கள், தள்ளுபடியில் தள்ளிவிடாதீர்கள். பெட்டியோடு படம் எடுத்து, இன்றைக்கே எழுத்தில் இழப்பீடு கேளுங்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104-வது பிரிவுப்படி, பிறர் பொருளைக் கையில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழிந்த தார்ப்பாயோடு நெடுஞ்சாலை ஏறுவதை எந்த விவேகத்தில் சேர்ப்பது? பின்பக்க வரியைக் கண்டும் பயப்பட வேண்டாம். நஷ்டஈடு கேட்கும் உரிமையையே அடியோடு அடைக்கிற நிபந்தனை செல்லாது என்று 2018-இல் ஒரு வங்கி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘இத்தனை வெள்ளிக்கு மேல் தரமாட்டோம்’ என்று வரம்பு மட்டும் போட்டிருந்தால் அது வேறு கதை. ரசீதை முழுசாகப் படித்துப் பாருங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும், ஆனால் வீட்டுத் தேவைக்கு வாங்கியவர்களுக்குத்தான். வியாபாரச் சரக்கை எடுக்காது. கடை உங்கள் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக்கோரல் போடலாம், வக்கீல் வேண்டியதில்லை. அவர்கள் பதில் கடிதம் அனுப்பினால் நகலை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: உணவகத்துக்கு வாங்கிய கிரைண்டர் வந்து மூன்று வாரம். நேற்றுதான் பிரித்தேன், கல் விரிசல் விட்டிருக்கிறது. ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். லோரிக்காரரைப் பிடிக்கலாமா?
– ஷா ஆலம்

பதில்: மூன்று வாரம் பெட்டியைத் திறக்கவில்லை, கையெழுத்தும் உங்களுடையது. விரிசல் லோரியில் வந்ததா, உங்கள் ஸ்டோரில் வந்ததா என்று நான் எப்படிச் சொல்வேன், அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? விற்றவரிடம் உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். முவாரிலிருந்து நான் வாங்கிய சாப்பாட்டு மேசை இன்னமும் மூன்று காலில்தான் நிற்கிறது, நாலாவது காலுக்குப் பழைய பலகைத் துண்டு.

கேள்வி: அப்பளப் பெட்டி ஏழு கிலோதான். 24 கிலோவுக்குக் காசு கேட்கிறார்கள். ஏமாற்றா?
– பட்டர்வொர்த்

பதில்: இல்லை. நீங்கள் எழுதிய அளவு 60, 50, 40 சென்டிமீட்டர். பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 24. லேசான சரக்குக்கு அது அடைக்கும் இடத்தை வைத்துத்தான் காசு. எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று ஏற்றும் முன்பே கேளுங்கள். மாதாமாதம் நிறைய அனுப்பினால் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு முழு லோரிக்கு விலை பேசுங்கள். நான் 90 வெள்ளிக்கு வாங்கிய பிரம்பு நாற்காலிக்கு அனுப்பும் கூலி 110 வெள்ளி.

கேள்வி: லோரி பில்லில் சேவை வரி 8 விழுக்காடு போட்டிருக்கிறார்கள்.
– ரவாங்

பதில்: 2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு 8, சரக்குச் சேவைக்கு 6. வரிப் பதிவு எண் இல்லாதவர் ஒரு காசுகூட வரி வசூலிக்க முடியாது. கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 2024-இல் போட்ட ‘டீசல் சார்ஜ்’ இன்னும் பில்லில் இருக்கிறது. நியாயமா?
– பத்து கேவ்ஸ்

பதில்: அந்த ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது உண்மை. ஆனால் மானிய அட்டை பெற்ற சரக்கு லோரிகள் அதே 2.15-க்குத்தான் அடித்தன. உங்கள் ஆளிடம் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தும் சார்ஜ் போட்டிருந்தால், அடுத்த பில்லில் அந்தச் சார்ஜை அடித்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். அவரே போன் செய்வார்.