காரில் ஒருமுறைகூட மாட்டாத ஸ்டெப்னி (உதிரி) டயரையும் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் டயரில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால் மாதம் ஒருமுறை மற்ற நான்குக்கும் காற்று பிடிக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். ஒல்லியான சின்ன ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ வேண்டும், அதை மாட்டிக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது. ரப்பருக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் 2319 என்பதுபோல நான்கு இலக்கம் இருக்கும், அப்படியென்றால் அது 2019-ன் 23-வது வாரம் தயாரானது. 10 வருடம் கடந்திருந்தால், பட்டன் (தரையில் படும் மேடுபள்ளமான பகுதி) தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அப்புறம், மாட்டும்போது ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிடுங்கள், சக்கரம் தரையில் இருந்தால்தான் சுற்றாது. எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.