விண்டோஸா, மின்ட்டா, போனா? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அட்டனிலிருந்து: அண்ணே, கொமினிகேஷன் கடையில இருக்கிறது நாலாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரெம், ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. இனி அப்டேட் வராதுன்னு சொல்றாங்க. மெஷினையே மாத்தணுமா?

மாற்றத் தேவையில்லை. விண்டோஸ் 10இன் வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும், உங்கள் மெஷினில் இரண்டும் இல்லை. இயங்குதளத்தைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றலாம்தான். ஆனால் வருடாந்தப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்ற வேண்டும். ஆட்கள் போட்டோகொப்பிக்குக் காத்து நிற்கிற கடைக்கு இது சரிவராது.

கொஞ்சம் அவகாசம் வேண்டுமென்றால் ஸ்டார்ட்டில் 'வின்வர்' என்று தட்டி, 22எச்2 பதிப்பா என்று பாருங்கள். அதுவானால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்று வரும். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால், காசு கட்டாமலே 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்.

அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்), அதில் பழைய மெஷினுக்கு ஏற்ற எக்ஸ்எப்சிஇ பதிப்பு. முதலில் ஹார்ட்டிஸ்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போடுங்கள், இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரெம் சேருங்கள். மெஷின் இழுபடுவதற்குப் பெரும்பாலும் ஹார்ட்டிஸ்க்தான் காரணம், விண்டோஸ் அல்ல. மின்ட்டை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸால் எழுதி, மெஷின் தொடங்கும்போது எப்12ஐ (சிலவற்றில் எப்9 அல்லது எஸ்கேப்) அழுத்தி அதிலிருந்து எழுப்புங்கள். உடனே இன்ஸ்டால் கொடுக்க வேண்டாம். பென்டிரைவிலேயே ஓடவிட்டு வைபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள்.

கடைக்காரருக்குச் சிக்கல் தருவது பிரிண்டர்தான். கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் லேசில் படியாது. அதுதான் உங்களிடம் இருக்கிறதென்றால் ஒரு மெஷினையாவது விண்டோஸில் விட்டுவையுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020க்கு எச்பியின் பிளகின்னை (துணை மென்பொருளை) தரவிறக்கினால் போதும். அதைப் போடாவிட்டால் பிரிண்டர் பெயர் திரையில் தெரியும், தாள் மட்டும் வராது.

பண்டாரவளை ஆசிரியை ஒருவர்: சேர், விண்டோஸ் எக்ஸ்பி அவ்வளவு காலம் நின்றது. விஸ்டாவும் 8உம் ஏன் எடுபடவில்லை?

எக்ஸ்பி 2001இல் வந்தது, ஆதரவு 2014 ஏப்ரல் 8 வரை. 2007இல் விஸ்டா வந்தபோது 512 எம்பி ரெம் உள்ள மெஷின்களே அதிகம். விஸ்டா 1 ஜிபிக்கும் மூச்சு வாங்கியது. டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) முறையும் மாறியதால் பழைய ஸ்கேனரும் பிரிண்டரும் வேலை செய்யவில்லை. விண்டோஸ் 7 (2009) அடிப்படையில் அதே விஸ்டாதான். அதற்குள் டிரைவர்கள் வந்துவிட்டன, ரெம் மலிந்துவிட்டது, பெயர் அதற்குப் போனது. 8 (2012) ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, மவுஸ் பிடிக்கிறவர்களுக்குத் தொடுதிரையைக் காட்டியது. மறுவருடம் 8.1இல் பொத்தானைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் பிந்திவிட்டது.

என் கணிப்பில் சனம் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாங்கும் பெட்டியில் வருவதைப் பாவிக்கிறார்கள், பெட்டி பழுதாகும்போது மாறுகிறார்கள்.

தலவாக்கலை: உலகத்துல எது முதலாவது?

மேசைக் கணினியில் இன்னும் விண்டோஸ்தான். போனையும் சேர்த்து எண்ணினால் அன்ட்ரொய்ட். இணையப் பாவனையை அளக்கும் ஸ்டாட்கவுண்டரின் கணக்கில் அது விண்டோஸை முந்தியது 2017இல். இணையத்தைப் போனிலேயே முதலில் பார்த்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது செய்தியே இல்லை. அன்ட்ரொய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸின் கரு (மையப் பகுதி)தான், அதனால் 'லினக்ஸை யார் பாவிக்கிறார்கள்' என்று கேட்பவரின் சட்டைப் பையிலும் அது இருக்கக்கூடும்.

பதுளை: மின்ட்டுக்கு மாறினா பாமினியில அடிச்ச பழைய கடிதங்கள் திறக்குமா?

பாமினி எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்து, உங்கள் ஹோம் போல்டரில் புள்ளியோடு தொடங்கும் 'பொன்ட்ஸ்' போல்டரில் போடுங்கள் (இல்லையென்றால் உருவாக்குங்கள், மறைந்த போல்டர் தெரிய கண்ட்ரோல்+எச்). மின்ட்டில் கடிதம் திறக்கும் லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஏனென்றால் 'அம்மா' அந்தக் கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கிறது. இனி அடிப்பதை, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள்: தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் மென்பொருளை நிறுவி, அதில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையைச் சேருங்கள்.

நுவரெலியா, ஏ.எல். மாணவர்: ஐசிடிக்கு செகண்ட்ஹேண்ட் மெக்புக் வாங்கலாமா?

இன்டெல் சிப் உள்ளதென்றால் வேண்டாம் தம்பி. மெக்புக்கின் இயங்குதளமான மெக்ஓஎஸ்ஸில் 26தான் இன்டெல்லுக்குக் கடைசிப் பதிப்பு. ஐசிடியில் படிக்கும் பைதன் நிரல்மொழி எந்த இயங்குதளத்திலும் ஓடும். அந்தக் காசுக்கு எட்டாம் தலைமுறை லெப்டொப், 8 ஜிபி ரெம்மோடு தேடுங்கள்.

மஸ்கெலியா: டொங்கிள்ல விண்டோஸ் அப்டேட் டேட்டா முழுக்கத் தின்னுது.

செட்டிங்ஸ், நெட்வேர்க், உங்கள் வைபை, 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை ஒன் செய்யுங்கள். பெரிய அப்டேட் தானாக இறங்காது. மாதத்தில் ஒருநாள் இரவு டேட்டா நேரத்தில் நீங்களே இறக்குங்கள், பேட்டரி நிறைந்திருக்கும்போது. நடுவில் கரண்ட் போனால் சிலவேளை மெஷின் எழும்பாது.