புலம்பெயர்ந்த பெண்களோடு கலைப்பணி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு ஆண்டுகளாக அகதிப் பெண்களோடும் பிழைப்புக்காக நாடுவிட்டு வந்த குடும்பங்களோடும் தையல், பாட்டு, நாடக வகுப்புகள் நடத்திவருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஓரிரு வரியிலும் பதில் சொல்கிறேன். எனக்கு எது முக்கியம் என்று படுகிறதோ, அதற்கேற்ற நீளம்.

நூலகப் பணியாளர் ஒருவர்: எங்கள் நூலக மண்டபம் வாரத்தில் ஒரு நாள் காலியாக இருக்கிறது. அகதிப் பெண்களுக்கு அங்கே ஓவிய வகுப்பு தொடங்கலாம் என்று இருக்கிறோம். முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுங்கள். 2024 முடிவில் உலகில் வீடிழந்து விரட்டப்பட்டவர்கள் 12.3 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். அவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பெண்ணின் இடுப்பிலோ கைப்பிடியிலோ இருக்கிறார்கள். அவள் உங்கள் மண்டபத்துக்குத் தனியாக வர மாட்டாள்.

என் முதல் வகுப்புக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த பருவத்தில் அதே அறையின் மூலையில் ஒரு பாயை விரித்து, குழந்தைகளோடு உட்கார ஒருவரை நியமித்தோம். அறை நிரம்பிவிட்டது. "அதே அறை" என்பதைக் கவனியுங்கள். ஓடி வந்தவர்களில் பலருக்குக் குழந்தையைக் கண்பார்வையிலிருந்து விலக்க மனம் வராது. பக்கத்துக் கட்டடத்தில் அருமையான காப்பகம் இருந்தாலும் பயன் இல்லை.

அடுத்தது பஸ் கட்டணம். வகுப்பு முடிந்த பிறகு ரசீது கேட்டுத் தராமல், வரும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, நேரம். பள்ளி தொடங்கிய பின் தொடங்கி, பள்ளி விடும் முன் முடிக்க வேண்டும். முதல் நாளே முழுப் பெயர், முகவரி, வந்த நாடு என்று படிவம் நீட்ட வேண்டாம். படிவங்களால் வாழ்க்கை தொங்கலில் நிற்கும் மனிதர்கள் அவர்கள். அழைக்கும் பெயர் ஒன்று போதும்.

இன்னும் ஒன்று. ஓவியம் என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். வருகிறவர்களைக் கேட்டீர்களா? பள்ளியை விட்ட நாளிலிருந்து தூரிகையைத் தொடாதவர் முன் வெள்ளைத் தாளை வைத்தால், அது பரீட்சையாகிவிடும். நூலையோ துணியையோ களிமண்ணையோ அதே கைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நாடகக் கலைஞர் ஒருவர்: அகதிப் பெண்களின் தப்பி வந்த கதைகளை வைத்து மேடை நிகழ்ச்சி செய்ய விரும்புகிறேன். அவர்களை எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்காதீர்கள். இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. அதனால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றேன். எளிய பயிற்சி என்று நினைத்தேன். ஒரு பெண் கதவை மட்டும் வரைந்தாள். வரைந்து, அதன்மேல் கறுப்பு வண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தாள் கிழியும்வரை. பிறகு மூன்று வாரம் வரவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை. அவள் திரும்பி வந்தபோது நூல்கண்டு ஒன்றைக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

புகலிடம் கேட்பவர் தன் கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். எல்லைக் காவலருக்கு ஒரு முறை, அதிகாரிக்கு ஒரு முறை, வழக்கறிஞருக்கு ஒரு முறை, மருத்துவருக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் எதிரே இருப்பவர் நம்புகிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காத இடம் அவருக்கு வேண்டும். நடைமுறைக் காரணமும் உண்டு. விசாரணை முடியாத ஒருவரின் கதை, நாடகத்துக்காக மெருகேற்றப்பட்டு வெளியே வந்தால், அதிகாரியிடம் சொன்னதோடு பொருந்தாமல் போகலாம். ஊரில் விட்டுவந்த உறவுகளுக்கும் அது ஆபத்தாகலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அகதிகளே நடத்தும் 'ரைஸ்' என்ற அமைப்பு, தங்களோடு வேலை செய்ய வரும் கலைஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய பத்து விஷயங்களை 2015-இல் எழுதி வெளியிட்டது. உங்கள் அடுத்த படைப்புக்கு நாங்கள் தீனி இல்லை என்பதுதான் அதன் சாரம். படித்தபோது எனக்குச் சுட்டது. சுட்டது நல்லதுதான்.

அப்படியானால் நாடகமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். 2013-இல் ஜோர்டானில் சிரிய அகதிப் பெண்கள் பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தங்கள் அனுபவங்களோடு பின்னி மேடையேற்றினார்கள். போரில் தோற்ற நகரத்துப் பெண்களின் புலம்பல் அந்த நாடகம். தம் துயரத்தை நேராகச் சொல்லாமல், ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஓர் அரசியின் வாய்வழியாகச் சொல்ல அது இடம் தந்தது. பழங்கதை ஒரு போர்வை. வேண்டியபோது விலக்கலாம், வேண்டாதபோது இழுத்து மூடிக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற நாடகம். அவரும் 1971-இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாடு கடந்தவர். இதில் ஒரு சிக்கலைச் சின்னக் காட்சியாக நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதையே மீண்டும் நடிக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர் "நிறுத்துங்கள்" என்று சொல்லி மேடையேறி, பாத்திரத்தை ஏற்று வேறு வழியில் நடத்திப் பார்ப்பார். எங்கள் வகுப்பில் இதற்குக் கடந்த காலத்தைத் தொடுவதே இல்லை. மருத்துவமனை வரவேற்பு மேசையில் பெயரைத் தப்பாக எழுதும் ஊழியர், மகளை மொழிபெயர்க்கச் சொல்லும் பள்ளி அலுவலகம், முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர். இன்று நடப்பவை, நாளை மறுபடி நடக்கப்போகிறவை. ஒருத்தி அந்த மேசை முன் குரலை உயர்த்தாமல் "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிப் பழகிவிட்டால், அடுத்த வாரம் உண்மையான மேசையிலும் சொல்கிறாள். நான் கண்டிருக்கிறேன்.

சமூகப்பணி மாணவி: கலை மனக்காயத்தை ஆற்றும் என்பதற்குச் சான்று உண்டா, அக்கா? இதற்கும் கலைச் சிகிச்சைக்கும் என்ன வேறுபாடு?

சான்று உண்டு, தங்கச்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைக்குப் பங்கு இருக்கிறது என்று காட்டியது. எல்லா ஆய்வும் ஒரே தரமானவை அல்ல என்பதையும் அந்தத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது. ஆகவே "கலை குணப்படுத்தும்" என்று சுவரொட்டி அடிக்க வேண்டாம்.

கலைச் சிகிச்சை தனித் தொழில். அந்தச் சொல்லை 1942-இல் பயன்படுத்தத் தொடங்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய்க்காக மருத்துவமனையில் கிடந்தபோது வரைந்து வரைந்து தேறியவர் அவர். இன்று அதற்குப் பட்டமும் மேற்பார்வையும் தேவை. நம்முடையது வகுப்பு. ஒரு பெண் தூக்கம் முற்றிலும் போய்விட்டது என்றாலோ, வாழ விருப்பமில்லை என்றாலோ, அதைத் துணியில் தைக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். அன்றே உதவிக்கு அனுப்ப ஒரு மனநல மருத்துவர் அல்லது ஆலோசகரோடு வகுப்பு தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை தெரியாதவர்களும் பாதுகாப்பாகக் கையாளக்கூடிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். வாழ்க்கை மரம் என்று பெயர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நகசெலோ நகூபே, டேவிட் டென்பரோ இருவரும் வகுத்தது. பிறகு அகதிகளோடும் பரவலாகப் பயன்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு மரம் வரைந்து, அதன் ஒவ்வொரு பாகத்திலும் தன்னைப் பற்றி எழுதுவார்கள். வேரில், எங்கிருந்து வந்தோம், யார் வளர்த்தார்கள், எந்தப் பாட்டு. நிலத்தில், இன்றைய நாள். அடிமரத்தில், தனக்குத் தெரிந்த திறமைகள். கிளையில் ஆசைகள், இலையில் அன்பான மனிதர்கள், கனியில் பிறரிடமிருந்து பெற்ற கொடைகள். எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டிக் காடாக்குவார்கள். புயலை, அதாவது பட்ட துன்பங்களைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வரும். முதலில் நிற்கக் கால் வேண்டும் என்பது அதன் அடிப்படை.

தையல் ஆசிரியை: தையல் பழைய காலத்துப் பெண்வேலை, அதைக் கலை என்று சொல்ல முடியுமா என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்கிறார்கள்.

அவர்களிடம் ஹ்மாங் பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த அவர்களின் பூத்துணிகளில் தலைமுறை தலைமுறையாக வடிவக் கோலங்கள்தான் இருந்தன. 1975-க்குப் பிறகு மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் அடைபட்டபோது, அந்தத் துணியில் மனிதர்கள் தோன்றினார்கள். எரியும் கிராமம், படைவீரர்கள், ஆற்றில் நீந்துபவர்கள், முகாமின் வரிசை. பான் வினாய் போன்ற முகாம்களில் பிறந்த அந்தக் கதைத்துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எழுத்துப் பழக்கம் குறைவாக இருந்த ஒரு மக்கள் தங்கள் வரலாற்றை ஊசியால் எழுதினார்கள்.

சிலியில் 1973-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத் துணிமேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் அடைக்கலத்தில் நடந்த அந்தப் பட்டறைகளிலிருந்து துணிகள் வெளிநாடு சென்றன. பத்திரிகை சொல்ல முடியாததை அவை சொல்லின. அவர்கள் சொந்த நாட்டிலேயே இருந்த பெண்கள்தான் என்றாலும், பல நாடுகளின் அகதிப் பெண்கள் அந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பாலஸ்தீனப் பெண்களின் பூத்தையலில் கோலத்தைப் பார்த்தே எந்த வட்டாரம் என்று சொல்லிவிடலாம். 1948-இல் ஊர்களை இழந்த பிறகு, முகாம்களில் அந்தக் கோலங்களே ஊரின் அடையாளமாக மிஞ்சின. 2021-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதைவிடப் பெரிய கலை வேறு எது என்று உங்கள் குழுவினர் சொல்லட்டும்.

ஒரு கணவர்: என் மனைவி உங்களைப் போன்ற ஒரு வகுப்புக்குப் போகிறார், முகத்தில் தெளிவு தெரிகிறது. எங்களைப் போன்ற ஆண்களுக்கு ஏன் எதுவும் இல்லை?

உங்கள் கேள்வியில் வலி இருக்கிறது. நியாயமும் இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமான நேரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணவரோ மாமியாரோ இருக்கும் அறையில் வாய் திறக்காத பெண்கள் உண்டு. ஆனால் மாதம் ஒரு நாள் குடும்பம் முழுவதும் வரும் நாள் வைக்கிறோம். ஹ்மாங் முகாம்களிலும் துணியில் உருவங்களை வரைந்து கொடுத்தவர்களில் ஆண்கள் பலர். உங்கள் மனைவியின் வகுப்பில் அப்படி ஒரு நாள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளர்கள் மகிழ்ச்சி அடைவார்கள்.

இளம் தாய்: என் நான்கு வயது மகள் எங்கள் மொழியில் பேச மறுக்கிறாள். எனக்குப் பாடவும் வராது. என்ன செய்யட்டும், அக்கா?

பாட வராத தாய் யாரும் இல்லை, கண்ணம்மா. நியூயார்க்கின் கார்னகி ஹால் 2011-இல் தாலாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கடினமான சூழலில் இருக்கும் தாய்மாரோடு இசைக்கலைஞர் ஒருவர் உட்கார்ந்து, அந்தக் குழந்தைக்கென்றே புதிய தாலாட்டு எழுத உதவுகிறார். வேறு நாடுகளிலும் இது பரவியிருக்கிறது. நாங்கள் அதை எளிமையாக்கிக்கொண்டோம். தாய் தன் குழந்தைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுகிறாள், அல்லது சொல்கிறாள். அதிலிருந்து நான்கு வரி. பழகிய மெட்டு எதுவானாலும் சரி.

மகளிடம் "நம் மொழியில் பேசு" என்று சொல்லாதீர்கள். அவள் பெயர் வரும் நான்கு வரியைத் தினமும் தூங்கும்போது பாடுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். பாட்டின் நடுவே ஒரு சொல்லை விட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள். அவள் அதை நிரப்பும் நாள் வரும்.

தொண்டு அமைப்பினர்: பெண்கள் செய்ததை விற்கலாமா?

அவர்கள் விரும்பினால் விற்கலாம். பணம் முழுமையாக அவர்கள் கைக்குப் போக வேண்டும், விலையை அவர்களே சொல்ல வேண்டும். பெரிய அளவில் செய்ய நினைத்தால், அகதிக் கைவினைஞர்களைச் சந்தையோடு இணைக்க ஐ.நா. அகதிகள் ஆணையம் தொடங்கிய 'மேட் 51' திட்டத்தைப் பாருங்கள். பெயரில் இருப்பது 1951 அகதிகள் உடன்படிக்கை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புகலிடக் கோரிக்கை முடியாதவர்கள் சம்பாதிக்கச் சில நாடுகளில் தடை உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு துணியைக்கூட விற்காதீர்கள்.

அதே அமைப்பினர்: நிதி தருபவர்கள் படம் கேட்கிறார்கள்.

கைகளையும் துணியையும் எடுங்கள். முகம் வேண்டாம். சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் வேண்டாம், உங்களை நம்பியிருக்கும் ஒருவரால் "முடியாது" என்று எளிதில் சொல்ல முடியாது. எத்தனை பேர் "குணமடைந்தார்கள்" என்று கேட்டால், அப்படி ஓர் எண்ணைத் தர மறுத்துவிடுங்கள். எத்தனை பேர் பத்தாவது வாரமும் வந்தார்கள், எத்தனை பேர் இன்னொருத்தியை அழைத்து வந்தார்கள் என்று சொல்லுங்கள்.

தன்னார்வலர்: எங்கள் நிதி ஆறு மாதத்துக்குத்தான். முடியும்போது என்ன செய்வது?

முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். திடீரென்று எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இன்னொரு திடீர் முடிவைக் கொடுக்கக் கூடாது. நான்காம் மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு பெண் வகுப்பை நடத்தட்டும், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொடுங்கள். ஐந்தாம் மாதம் நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ கட்டணமில்லாத அறைக்கு அவர்கள் பெயரிலேயே விண்ணப்பம் கொடுக்க உதவுங்கள். கடைசி நாளில் மீதித் துணி, ஊசி, கத்தரிக்கோல், அறைச் சாவி எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் கூப்பிட்டால் போங்கள், விருந்தாளியாக.