வானம்பாடிக்கு மரம் எதற்கு?

அன்புள்ள அய்யா,

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே ஒரு பொட்டல் உண்டு. சின்ன வயதில் அங்கே குருவி மாதிரி ஒரு பறவை சீழ்க்கை அடித்தபடி வானத்திலிருந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு கறுப்பாக இருக்கும். வானம்பாடி என்பது அதுதானா? மூன்று வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து அந்தத் தரிசில் நானூறு மரக்கன்றுகள் நட்டோம். இப்போது அந்தப் பறவையைக் காணோம். மரங்கள் பெரிதானதும் திரும்பி வந்துவிடும் அல்லவா? படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

க., விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள க.,

கேமராவைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

நீங்கள் பார்த்தது சாம்பல் தலை வானம்பாடி. கறுப்பு வயிறு ஆணுக்கு மட்டும்தான். பெட்டை பக்கத்திலேயே மேய்ந்திருக்கும், ஊர்க்குருவி என்று விட்டிருப்பீர்கள். பட்டினப்பாலையில் மழைத்துளியை உண்ணும் புள் ஒன்று மழையில்லாமல் வாடுகிறது, அது வானம்பாடி என்கிறது உரை. இது தின்பதென்னவோ புல் விதையும் பூச்சியும். அண்ணாந்து பார்த்தவர்கள் யாரும் அது இறங்கிய இடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை போலும்.

ஆண் படபடவென்று முப்பது மீட்டர் வரை ஏறும். சிறகை மடக்கி, சீழ்க்கையோடு விழும். தரையைத் தொடுவதற்குள் நிமிர்ந்து மறுபடி ஏறும். அந்தக் கூத்து முடிந்தால் மண்ணோடு மண். ஆள் வந்தால் பறக்காது, பதுங்கும். மிதிக்கப் போகிற கடைசிக் கணத்தில்தான் எழும். மரத்தில் வந்து உட்காருகிற பறவை அல்ல இது. புதர் நுனியில் உட்கார்ந்து பாடுவது இதன் பங்காளி, சிவந்த இறக்கை வானம்பாடி. அதைப் பற்றி இன்னொரு நாள்.

‘மரங்கள் பெரிதானதும் வரும் அல்லவா’ என்கிறீர்கள். வராது. எப்படி வரும்? அதன் வீட்டுக்குள்தானே குழி வெட்டினீர்கள்? நிழல் விழுந்தால் புல் போகும், புல் போனால் விதை போகும். மரம் வளர்ந்தால் காக்கைக்கு உட்கார்ந்து வேவு பார்க்க இடம் கிடைக்கும். தரையில் முட்டையிடுகிற பறவைக்கு வேறென்ன வேண்டும்? படித்த பிள்ளைதானே நீங்கள், ‘தரிசு’ என்று கூசாமல் எழுதுகிறீர்கள். வரி வராத நிலத்துக்குக் கணக்குப்பிள்ளை வைத்த பெயர் அது. ஆடு மேய்க்கிறவனைக் கேளுங்கள், மேய்ச்சக்காடு என்பான். 2000-இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலம் ஒரு வகையாகச் சேர்ந்திருக்கிறது. காலி இடம் என்று அரசாங்கமே சொன்னபிறகு சூரியத் தகடுகாரன் வருவான், மனை போடுகிறவன் வருவான், நல்ல மனசோடு நீங்களும் வருவீர்கள். உங்களோடுதான் சண்டை போட முடியவில்லை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. 1984-இல் எட்டாம் வகுப்பு. ஜூலையில் வன மகோத்சவம். ஊர்ப் புறம்போக்கில் தைலமரம் நட எங்களைக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கு மூன்று குழி. என் இரண்டாவது குழிக்கு மம்பட்டியை ஓங்கியபோது காலடியிலிருந்து ஒன்று விர்ரென்று கிளம்பியது. குனிந்து பார்த்தேன். புல் தூருக்கு அடியில் உள்ளங்கை அளவு பள்ளம், உள்ளே புல் மெத்தை, விளிம்பில் சரளைக்கல் பதித்திருந்தது. புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “குருவிக்கூடுதானடா, வேற கட்டிக்கும். ஒன்றரை அடி ஆழம் வேணும், வெட்டு” என்றார். வெட்டினேன். மூன்றாவது குழி முடிக்கும்வரை ஆணும் பெட்டையும் பத்தடி தள்ளி ஓடிக்கொண்டே இருந்தன. அன்றைக்கு எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

நட்டதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். தண்ணீர் சுமந்து ஊற்றிய கை உங்களுடையது, அது எனக்குத் தெரியும். மரம் நட ஆசை தீரவில்லையென்றால் கண்மாய்க்கரை இருக்கிறது, பள்ளிக்கூட வாசல் இருக்கிறது. நானூறில் எத்தனை பிழைத்தன என்று நீங்கள் எழுதவில்லை. பாதி பட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் குழிகளில் மறுபடி நடாதீர்கள். மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். மூடப் போகும்போது கீழே பார்த்து நடங்கள்.