மூட்டத்தில் ஹை பீம் போடாத அப்பாவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பிளஸ் டூ படிக்கிற பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்து, "என்னமோ அலை செதறுறதைப் படிக்கணும்கிறாங்க சார், இதுக்கெல்லாம் யாருங்க வேலை குடுப்பாங்க?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி மனசு கேட்கவில்லை.

அந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கே தெரியும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு லோடு ஏற்றிப் போகிறவர் நீங்கள். விடிகாலையில் மூட்டம் இறங்கினால் ஹை பீம் போடுவீர்களா? போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். மூட்டத்தில் இருக்கிற நீர்த்துளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தை நாலா பக்கமும் திருப்பிவிடுகிறது. அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கே வந்து சேர்கிறது. லைட்டைக் கூட்டக் கூட்ட ரோடு மறைகிறது. உள்ளே ஒரே சீராக இல்லாத பொருளில் நுழைகிற எந்த அலைக்கும், ஒலியோ நிலநடுக்கமோ, ஏறக்குறைய இதே கதிதான்.

சம்பளம் தருகிற இடத்துக்கு வருகிறேன். எவர்சில்வர் குழாயை வெல்டிங் வைத்தால் உள்ளே கீறல் விழுந்திருக்கிறதா என்று அறுத்துப் பார்க்க முடியாது. காதுக்குக் கேட்காத மீயொலியை உள்ளே அனுப்பி எதிரொலியைத் திரையில் பார்ப்பார்கள். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். 5 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் அலைநீளம் 1.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. எவர்சில்வர் வெல்டிங்கில் உலோகக் குருணைகளும் அந்த அளவுக்குப் பருத்துவிடுவதுண்டு. அங்கே அலை சிதறி, திரையின் அடியில் புல் முளைத்தாற்போல் இரைச்சல் கிளம்பும். அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'கிராஸ்'தான். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் சிதறல் வெகுவாக இறங்கும். ஆனால் பொடிக் கீறல் கண்ணுக்குத் தப்பிவிடும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று தீர்மானிக்கிற ஆளுக்குத்தான் மதிப்பு. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதற்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனை இப்படி அறுக்காமல் சோதிக்கிற வேலையைக் கற்றுத்தரும் இரண்டு வார 'என்டிடி' வகுப்புக்கு நானே அனுப்பிவைத்தேன். சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாய் என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். "பணம் கட்டுங்க, வேலைக்கு கேரண்டி" என்கிற நோட்டீஸைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள்.

இன்னொரு வழி, எனக்கு அதிகம் பிடித்தது, புவி இயற்பியல். நிலநடுக்கப் பதிவில் முதல் குலுக்கல் ஓய்ந்த பிறகும் ஒரு வால் நீண்டுகொண்டே போகும். பாறையின் வெடிப்பிலும் வேற்றுக் கற்களிலும் மோதிச் சிதறிய அலைகள் தாமதமாக வந்து சேர்வதுதான் அந்த வால் என்று 1969-ல் நிலநடுக்க ஆய்வாளர் கெய்இச்சி ஆகி (Keiiti Aki) என்பவர் காட்டினார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி மும்பை, காரக்பூர் என்று போகலாம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களும் யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் நுழையலாம். மருத்துவ இயற்பியலும் உண்டு; அதை எம்.எஸ்சி. சமயத்தில் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்குக் கடன் எதுவும் வாங்காதீர்கள். கோரிமேட்டு அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் இயற்பியலை முதல் விருப்பமாகப் போடுங்கள்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. பிப்ரவரி 28 அன்று பள்ளியில் ராமன் விளைவு பற்றிப் பேசியதிலிருந்து இந்த ஆசை என்று பாப்பா கண்ணெல்லாம் மின்னச் சொன்னாள். காலாண்டுக் கணக்கு மார்க்கைக் கேட்டதும் செருப்பைப் பார்த்தாள். கலப்பு எண்களும் வகைக்கெழுச் சமன்பாடும் இல்லாமல் இந்தப் படிப்பில் ஒரு அடி நகர முடியாது. அரையாண்டுக்குள் அந்த இரண்டு பாடத்தின் பயிற்சிக் கணக்குகளையும் அவளே போட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வரட்டும். தப்பாகப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அடித்து அழிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஃபீஸ் வேண்டாம்.

லீவு நாளில் ஒரு விடிகாலை அவளையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போங்கள். மூட்டம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஹை பீமை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.